வேகாத கீரை

மூன்றாவது பாத்தியில் பாதி வெட்டி முடித்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை வந்து நின்றது. தமிழ்ப்ரியா நிமிரவில்லை. குடைக்குக் கீழே யார் என்று செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் மழைக்காலத்திலும் தோல் செருப்புப் போடுகிறவர் பெரியப்பா சின்னையன் மட்டும்தான்.

"அக்காக்காரிய உள்ள கெடத்தியிருக்கு. நீ இங்க என்னட்டி செய்யிற?"

"கீரை வெட்டுறேன் பெரியப்பா."

"கீரையா?"

"இன்னிக்கு வியாழக்கிழம."

அவருக்கு அது பதிலாகப் படவில்லை. அவள் அடுத்த செடியைப் பிடித்தாள்.

ஆனந்தி காலை ஆறேகாலுக்கு இறந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இருதய வால்வு, இத்தனை வருடம் இழுத்துப் பிடித்துவிட்டு இன்று விட்டுவிட்டது. நேற்று சாயங்காலம்கூட மூன்று தலையணையில் சாய்ந்துகொண்டு, நான்கு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிச் சொன்னாள்: "வெயில் ஏறுமுன்ன வெட்டிரு. வேர்லருந்து ரெண்டு விரக்கடை விடு. ஒட்ட வெட்டுனா திரும்பத் துளுக்காது."

யாருடைய விரலால் இரண்டு என்று கேட்க அப்போது தோன்றவில்லை. அக்காவின் விரல்கள் நீர் கோத்து வீங்கியிருந்தன. தமிழ்ப்ரியாவுக்கு ஒல்லி விரல்கள். அவள் ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் இரண்டு விரலை வைத்தாள், சந்தேகம் வந்து மூன்றாவதையும் சேர்த்தாள், பிறகு வெட்டினாள். அதிகம் விட்டால் கூடை நிறையாது. குறைத்தால் செடி போய்விடும். எது சரி என்று கேட்க இனி ஆள் இல்லை.

லயத்துச் சுவருக்கும் ஏலக்காட்டுக்கும் நடுவே பன்னிரண்டடி அகலத்தில் கிடந்த துண்டு அது. போடியில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து, திரும்பிப் போக மாட்டேன் என்று சொன்ன வருடத்தில்தான் ஆனந்தி அதைக் கொத்தினாள். முதலில் போட்டது லெட்யூஸ். மேலே ரிசார்ட்டில் வெள்ளைக்காரர்களுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் சாலட் செய்ய அதுதான் வேண்டியிருந்தது. ஆடி மழையில் அது அழுகியது. பங்குனி வெயிலில் தண்டு நீண்டு கசந்தது. மூன்றாம் முறை அழுகியபோது அவள் அத்தனையையும் பிடுங்கி ஏலச்செடிக்கு உரமாகப் போட்டாள்.

அதற்கப்புறம் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து கண்ட கீரையையும் பச்சையாக மென்று பார்க்க ஆரம்பித்தாள். பாலக்கீரையின் குட்டி இலை தேறியது. சிவப்புத் தண்டுக்கீரை, விதைத்து இருபது நாளுக்குள் கிள்ளினால் தேறியது. கொடிப்பசலைக் கொழுந்து கொஞ்சம் வழவழத்தாலும் தேறியது. "கசக்கக் கூடாது, புளிக்கக் கூடாது, காரம் ஏறக் கூடாது. நாக்குல சத்தம் போடாம போகணும்" என்பாள். எதை எப்போது விதைத்தோம், எத்தனையாம் நாள் வெட்டினால் இளசு, எத்தனையாம் நாள் முற்றல் என்பதையெல்லாம் தமிழ்ப்ரியா தன் சாயங்கால வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். தப்பாக எழுதிவிட்டோமோ என்று இரண்டு முறை கேட்டு எழுதினாள்.

"லயத்துல ஆடு இல்லாத கொறைய ஆனந்தி தீத்துட்டா" என்று பெரியப்பா எல்லோரும் கேட்கச் சொன்னார்.

"ஆடு தின்னதத்தான் ஞாயித்துக்கெழம நீங்க திங்கிறீங்க. நடுவுல ஆடு எதுக்குன்னு பாத்தேன்" என்றாள் ஆனந்தி.

அவர் அதை இரண்டு வருடமாக மறக்கவில்லை.

போன வாரம் ரிசார்ட் சமையலறையைக் கவனிக்கும் மலையாளி ஷீனா ஆனந்தியைத் தேடி வந்தாள். லாரியில் வரும் லெட்யூஸ் மழையில் பாதி அழுகித்தான் வருகிறது என்றாள். "வியாழாழ்ச்ச இருவது பேருக்கு ஊணு உண்டு. உன்னோட எலை வெச்சுப் பாக்காம். அவங்க சாப்பிட்டா இனி எனக்கு லாரி வேண்டா."

அந்த வியாழக்கிழமைதான் இது.

பெரியப்பா குடையை மடக்கினார். "இழவு வீட்டுச் சாமானம் பதினாறு கழியாம வெளிய போகக் கூடாது. கத்திரிக்கோல வச்சுட்டு உள்ள வா."

"பதினாறு நாள்ல முத்திரும் பெரியப்பா. பூத்துரும்."

"பூக்கட்டும்."

"பூத்தா யாரும் திங்க முடியாது."

"இப்ப மட்டும் எவன் திங்கப் போறான்? பொணம் கெடக்குற வீட்டுக் கீரைய எவன் வாயில வைப்பான், சொல்லு."

அவள் வெட்டுவதை நிறுத்தினாள். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. ஈரக் கையை பாவாடையில் துடைத்துக்கொண்டு ஷீனாவுக்கு போன் செய்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ஆனாலும் வரிசை மாறித்தான் வந்தது.

"சேச்சி, கீரை வெட்டிட்டேன். அக்கா செத்துட்டா. காலைல. சொல்லாம குடுக்க மனசு வரல."

பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஞான் வராம் மோளே."

வருகிறேன் என்றாள். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

லயத்தின் பத்து வீடுகளுக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் பிணம் கிடந்தால் பத்து வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது என்பது அங்கே வழக்கம். புகை பிணத்தின் மேல் போகும் என்பார்கள். வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். இன்று திருப்பூரிலிருந்து அண்ணன் முனீஸ்வரன் வர வேண்டும். போடிமெட்டு ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன என்று பத்து மணிக்கு அவனே போனில் சொன்னான். கீழ் லயத்திலிருந்து ஒரு முறை பால் ஊற்றாத கட்டன் சாயா வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

பதினோரு மணிக்கு ஷீனா மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்தாள். ஆனந்தியின் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா வேலுத்தாயின் தோளைத் தொட்டாள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அழவும் இல்லை.

பின்பக்கம் ஈரத்துணி மூடிய கூடை இருந்தது. பெரியப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

"இழவு வீட்டுச் சாமானம் மேடம். நாளைக்கு ஏதாச்சும்னா எங்களச் சொல்லக் கூடாது."

ஷீனா துணியை விலக்கி ஒரு சிவப்பு இலையை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வாயில் போட்டு மென்றாள். இன்னொன்று எடுத்தாள். தமிழ்ப்ரியா அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கசக்கல" என்றாள் ஷீனா.

கூடையை ஸ்கூட்டரில் கட்டும்போது வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "இவங்க எல்லாம் எந்தா சாப்பிட்டது?"

"பொணம் எடுக்காம அடுப்புப் பத்த வைக்கக் கூடாது சேச்சி."

ஷீனா கூடையை ஒரு முறை பார்த்தாள். தமிழ்ப்ரியாவை ஒரு முறை பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள்.

ஸ்கூட்டர் சத்தம் வளைவில் மறைந்ததும் தமிழ்ப்ரியா கத்திரிக்கோலைத் தேடி எடுத்தாள். பிறகு பின்பக்கம் போய் மூன்றாவது பாத்தியின் மீதியை வெட்ட ஆரம்பித்தாள். இந்த முறை விரல் வைத்துப் பார்க்கவில்லை.

துணி துவைக்க எடுக்காத பெரிய பேசினில் இலைகளை அலசிப் போட்டாள். எலுமிச்சை இரண்டு பிழிந்தாள். தேங்காய் துருவினாள். பொட்டுக்கடலையை அள்ளித் தூவினாள். உப்பு எவ்வளவு என்று தெரியவில்லை. பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"என்ன கூத்துட்டி இது" என்றார் பெரியப்பா.

"சாப்பிடட்டும்னு கொண்டாந்தேன்."

"இழவு வீட்டுலயா?"

"அடுப்புத்தான பெரியப்பா பத்த வைக்கக் கூடாது. இதுக்கு அடுப்பு வேண்டாம்."

"வேகாதத மனுசன் திம்பானா?"

"வாய்க்கரிசிய வேக வச்சா போடுறோம்?"

வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குக் காது சுட்டது. பேசினை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். முதல் வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் கை நீட்டவில்லை. உள்ளே எடுத்துப் போய்விடலாம் என்று அவள் ஒரு காலை எடுத்து வைத்தபோது, வாசலுக்கு உள்பக்கச் சுவரோரத்திலிருந்து ஒரு கை வந்தது.

அம்மாவின் கை. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் மகளின் பச்சை இலையை வாயில் வைக்காதவள். ஒரு பிடி அள்ளி, வாயில் போட்டு, ஆனந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மென்றாள். விழுங்கினாள்.

"உப்புப் பத்தல" என்றாள்.

தமிழ்ப்ரியா ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். அதற்குள் முதல் வீட்டுக்காரி தட்டு எடுத்து வந்திருந்தாள். பிள்ளைகளில் ஒன்று துப்பியது, மற்றதெல்லாம் கடலையைப் பொறுக்கிவிட்டு இலையையும் தின்றன. கால் மணி நேரத்தில் பேசினின் அடியில் எலுமிச்சை விதைகள் மட்டும் கிடந்தன. பெரியப்பா ஒரு வாய்கூடத் தொடவில்லை. குடைக்கம்பியை ஊன்றிக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார்.

அண்ணன் மூன்றரைக்கு வந்தான். குளிப்பாட்டினார்கள், மாலை போட்டார்கள், வாய்க்கரிசிப் பெட்டி வந்தது. ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். தமிழ்ப்ரியா மூடிய கையோடு குனிந்தாள். விரித்தபோது அரிசியோடு ஒரு சிவப்பு இலையும் விழுந்தது. அரிசி உள்ளே போய்விட்டது. இலையின் நுனி உதட்டுக்கு வெளியே நின்றது.

பெரியப்பா அதை எடுக்கக் கை நீட்டினார். அவள் குறுக்கே தன் கையை வைத்தாள்.

"கெடக்கட்டும்."

குரல் உயரவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். இலையோடுதான் தூக்கினார்கள்.

ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். பத்து வீட்டிலும் அடுப்பு எரிந்தது, தகரக் கூரையின் இடுக்குகளிலெல்லாம் புகை கசிந்தது. தலைக்குக் குளித்துவிட்டு போனை எடுத்தபோது ஷீனாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. பெரிய கண்ணாடிக் கிண்ணம், காலியாக. கீழே ஒரே வரி: அடுத்த வியாழன் நாற்பது பேர்.

அவள் விதை டப்பாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். மூன்றாவது பாத்தியின் கடைசி வரிசையில் குந்தி, ஒவ்வொரு கட்டைக்கும் பக்கத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். ஏழு செடிகளை ஒட்ட வெட்டியிருந்தாள். அவை துளிர்க்காது. அந்த ஏழையும் பிடுங்கிவிட்டு விரலால் குழி போட்டாள். ஈரத் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணில் விழுந்தது.

நான்காவது குழிக்கு விதை போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள் வந்து நின்றன. சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த வெறுங்கால்கள். தோல் செருப்பு இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஊன்றியிருந்த குடைக்கம்பியில் யார் என்று தெரிந்தது.

அவள் நிமிரவில்லை. ஐந்தாவது குழியில் மூன்று விதைகளைப் போட்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.