பேருந்து நின்ற இடம்

மலைச்சரிவில் உருண்ட ஒரு கட்டை லீலண்டின் முதுகை நசுக்கிவிட்டுப் போனது. அதோடு மரம் அறுக்கும் வேலை போயிற்று. முதலில் வலிக்கு மாத்திரை, அப்புறம் மாத்திரைக்காகவே மாத்திரை என்று ஆனபோது மனைவி காலீன் குழந்தை மேசியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகுதான் டாக்டர் சீட்டு வாங்கி, சட்டப்படி அனுமதியோடு வீட்டுக்குப் பின்னால் ஆறு கஞ்சாச் செடி வைத்தான். அதில் எடுத்த எண்ணெயை நாக்கடியில் விட்டுக்கொண்டு மாத்திரையை விட்டான்.

இந்த வருடம் காலீனுக்கு அலாஸ்காவில் மீன் ஆலை வேலை கிடைத்தது. மேசியை அவனிடம் விட்டுவிட்டுப் போகும்போது, "வீட்டுல ஒரு மாத்திரை டப்பா இருக்குன்னு தெரிஞ்சாலும் போதும், அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

காலையில் அவன் முதுகு நிமிரவே வெயில் ஏற வேண்டும். வண்டி ஓட்ட முடியாது. மேட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கீழே வரும் பள்ளிப் பேருந்தைத் தன் கேட்டருகே நிற்கச் சொல்லிக் கேட்டான். பள்ளியில் சரி என்றார்கள். அதுதான் வினையாயிற்று.

வருடாவருடம் செடியைச் சோதிக்க வரும் மாவட்ட அதிகாரி டன்னிங், தூரம் அளக்கும் சக்கரத்தைக் கேட்டிலிருந்து செடிவரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

"வேலி சரி, பூட்டு சரி. ஆனா கேட்டுகிட்ட ஸ்கூல் பஸ் நிக்குதாமே?"

"என் பொண்ணு ஏறுறா சார்."

"பஸ் நிக்கிற எடத்துலேர்ந்து அறுநூறு அடிக்குள்ள செடி இருக்கக் கூடாது. இது அதுல பாதிகூட இல்ல."

"போன வருஷமும் இதே எடம்தானே? கையெழுத்துப் போட்டீங்களே!"

"போன வருஷம் பஸ் நிக்கல."

"பொண்ணு செடிக்குப் பக்கத்துலயே தூங்குறா. அது பரவால்லியா?"

"தூங்குறதப் பத்திச் சட்டத்துல ஒண்ணுமில்ல. சட்டத்த நான் எழுதல லீலண்ட், அளக்கத்தான் வர்றேன். திங்கக்கிழமைக்குள்ள பஸ்ஸ மாத்துங்க, இல்ல செடியப் புடுங்குங்க."

பூ பிடித்து நிற்கும் செடி. இடம் மாற்றினால் செத்துப்போகும். பின்பக்கம் தள்ளலாமென்றால் ஓடை, சட்டத்தில் ஓடைக்கும் ஒரு தூரம் வைத்திருந்தார்கள். லீலண்ட் பள்ளிக்குப் போன் செய்து, பேருந்தைச் சாலையில் கீழே இருக்கும் பாலத்தடியில் நிற்கச் சொன்னான்.

மறுநாள் சாயங்காலமே பாலத்தடி வீட்டு வெர்னா வந்து இறங்கினாள். கைமூட்டெல்லாம் வீங்கிய கிழவி.

"ஏண்டா, உன் பொண்ணக் கொண்டாந்து என் வாசல்ல நிக்க வச்சா என் செடி என்னடா ஆவும்?"

"உங்ககிட்டயும் இருக்கா? தெரியாதே!"

"செப்டம்பர் வந்தா ரோடு பூரா நாறுது, தெரியாதாம்! முதுகோட மூக்கையும் சேத்தாடா நசுக்கிச்சு அந்தக் கட்டை?"

அவன் சிரித்தான். முதுகு பிடித்துக்கொண்டது. "மர மில்லு வாசலுக்கு மாத்தச் சொல்லட்டா?"

"அங்க ஹாலிஸ் செடி போட்டிருக்கான். அவனத் தாண்டினா அவன் மச்சான். அப்பறம் பள்ளிக்கூடமே வந்துரும், அங்கயே பாயப் போட்டுப் படுக்கச் சொல்லு உன் பொண்ண."

மேசி மேசையில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அப்பா, செடியப் புடுங்கிட்டா நீ மறுபடி மாத்திரை போடுவியா?"

வெர்னா மேசியின் பக்கம் திரும்பினாள்.

"விடிகாலைல எந்திரிப்பியாடி?"

"ம்."

"தலைய வாரிட்டு கேட்டுகிட்ட நில்லு, என் வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஹாரன் அடிக்க மாட்டேன். பாட்டும் போட மாட்டேன்."

மேசிக்காகப் பேருந்து இனி இந்தச் சாலையில் எங்கும் நிற்க வேண்டாம் என்று லீலண்ட் பள்ளிக்குச் சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை காலை டன்னிங் சக்கரத்தோடு கேட்டருகே நின்றார். வெர்னாவின் பழைய வண்டி வந்தது. முன்பு பேருந்து நின்ற இடத்திலேயே நின்றது. புல் தேய்ந்துபோன அதே மண்ணில் நின்றிருந்த மேசி, பையைத் தூக்கிப் போட்டு ஏறினாள்.

டன்னிங் வண்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். சக்கரத்தை மடக்கினார்.

"வெர்னா வண்டியப் பத்திச் சட்டத்துல ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மேட்டிலிருந்து இறங்கிய பள்ளிப் பேருந்துக்கு அந்தக் குறுகிய சாலையில் முந்த வழியில்லை. வெர்னா வேகமாக ஓட்டுகிறவளும் இல்லை. ஹாரன் அடித்துக்கொண்டே அது அவள் பின்னால் போயிற்று.