மருந்தே தொடாத மனிதர்

தெருவில் அவரைச் சத்துக்காரர் என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அவரோ அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். வைட்டமின் மாத்திரை விற்பது அவர் பிழைப்பு. தோளில் தொங்கும் பையைத் திறந்தால் எலும்புக்கு ஒரு டப்பா, கண்ணுக்கு ஒரு டப்பா, முடிக்கு ஒரு டப்பா, எந்தக் குறையும் இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஒரு டப்பா. முடிக்கான டப்பாவை எடுக்கும்போது மட்டும் தொப்பியைக் கழற்ற மாட்டார். தன் முன்வழுக்கை தன் வியாபாரத்துக்கே எதிரி என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு பாடத்தைத்தான் மண்டையில் ஏற்றினார்கள். "மருந்து" என்ற சொல் வாயில் வரவே கூடாது. மருந்து என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பார்கள், போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள். ஆகவே, "இது மருந்தே இல்லைங்க, சாப்பாடு மாதிரி" என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினார். மற்றவர்கள் வாடிக்கையாளரை நம்ப வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் ஒருபடி மேலே போய்த் தானும் நம்பிவிட்டார். காலையில் எழுந்ததும் உள்ளங்கையில் கலர் கலராக மாத்திரைகளைக் குவித்து, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "என் வாழ்க்கையில ஒரு மருந்தைத் தொட்டதில்ல" என்று பெருமையடித்துக்கொள்ள அவரால் மட்டும்தான் முடியும்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் பல்வலி வந்து உட்கார்ந்தது. வந்தது மகளுக்கு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கடைவாயில் ஒரு பால்பல் சொத்தையாகிச் சீழ் வைத்துவிட்டது. ஒரு பக்கமாகவே மெல்லுவாள், தூக்கத்தில் முனகுவாள். முதலில் கூட்டிப்போன பல் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு வாசல்வரை ஓடினாள். அடுத்த டாக்டரிடம் வாயையே திறக்கவில்லை. இப்போது பார்க்கிற டாக்டரம்மா கொஞ்சம் பொறுமைசாலி. மருந்து கொடுத்து வீக்கத்தை வடிய வைத்திருந்தார்.

"இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதுங்க. மறுபடி சீழ் வச்சா அடியில முளைக்கப் போற பல்லும் கெட்டுடும். எப்படியாவது சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

சமாதானப்படுத்துவதுதானே நமக்குக் கைவந்த கலை என்று சத்துக்காரர் சட்டைக்காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவருக்கும் கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, விற்பனை மும்முரம் என்று சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்து வந்தார். உண்மைக் காரணம் தொடைநடுக்கம். ஆனாலும் மகளுக்காக நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்பா முதல்ல உட்காருறேன். நீ பக்கத்துல நின்னு பாரு. வலிக்கவே வலிக்காது."

மகள் யோசித்தாள். "வலிச்சா?"

"வலிக்காதுன்னு சொல்றேன்ல."

"நீங்க ஒரு தடவை கத்தினாலும் நான் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் எப்பவுமே வர மாட்டேன்."

பேரம் படிந்தது. அன்று காலையில் அவர், பல் பிடுங்கும் நாளாயிற்றே, எதிர்ப்பு சக்தி வேண்டுமே என்று வைட்டமின் சி-யை மட்டும் வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே போட்டுக்கொண்டார்.

டாக்டரின் அறை சிறியது. சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் வட்ட விளக்கு, பக்கத்தில் துப்புவதற்கு ஒரு பீங்கான் கிண்ணம். மகளை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். மனைவி கதவோரம் நின்றுகொண்டாள். கணவரின் வீரத்தில் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை குறைவு.

"ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா? பிரஷர், சுகர், வேற ஏதாவது?" என்று டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒரு மருந்தும் கிடையாது டாக்டர். இந்த உடம்புல மருந்தே ஏறினதில்ல." மகளுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சமும் இல்லை. பொய் சொல்லியிருந்தாலாவது உறுத்தியிருக்கும்.

மரத்துப்போவதற்கான ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் காத்திருந்தார். சத்துக்காரரும் காத்திருந்தார். உதடு தடிக்கும், கன்னம் தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவருடைய கன்னமோ பத்திரமாக அவருடையதாகவே இருந்தது.

"மரத்துப் போச்சா?"

மகள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால், ஊசி வேலை செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "சூப்பரா மரத்துப் போச்சு" என்றார்.

டாக்டர் கூரான கம்பியால் ஈறைத் தொட்டார். சத்துக்காரருக்கு உச்சந்தலையில் மின்னல் வெட்டியது. கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை இருமலாக மாற்றினார். இருமல் சரியாக வராமல், ஏதோ பிராணியின் குரல் மாதிரி ஒன்று வெளியே வந்தது.

"வலிக்குதா?"

"சேச்சே. கூச்சம்."

டாக்டர் நம்பவில்லை. இன்னொரு ஊசி போட்டார். மறுபடி காத்திருப்பு. கன்னத்தில் ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தடித்தது, பல் பக்கம் எதுவும் நடக்கவில்லை. மறுபடி கம்பி. இந்தத் தடவை கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கைகளை நாற்காலியின் பிடியில் இறுக்கி வைத்துவிட்டார், கால் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் தாமாகவே மடங்கி, விரிந்து, ஒரு செருப்பை உதறித் தரையில் தள்ளின. ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று அந்த நேரத்தில் அவருக்கே வியப்பாக இருந்தது. வலி போதாதென்று, வலிக்கவில்லை என்று சிரிக்க வேறு வேண்டியிருந்தது.

"அப்பா, அழறீங்களா?"

"விளக்கு வெளிச்சம், கண்ணு கூசுது."

டாக்டர் கம்பியைத் தட்டில் போட்டார். "ஐயா, உங்களுக்கு மரக்கவே இல்ல. என்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? சும்மா ஊசி மேல ஊசி போட முடியாது. சரி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், சத்துக்காரருக்குள் இருந்த விற்பனையாளர் விழித்துக்கொண்டார். வாய் ஓரத்தில் பஞ்சு இருப்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் வரிசையாக ஒப்பித்தார். வைட்டமின் சி, இன்றைக்கு விசேஷமாகக் கூடுதல். வைட்டமின் ஈ. மீன் எண்ணெய் உருண்டை. பூண்டுச் சத்து. துத்தநாகம். மகளின் பல்லையும் தன் பல்லையும் மறந்து, டாக்டருக்கும் ஒரு டப்பா தள்ளிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

டாக்டர் கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"மருந்து எதுவும் எடுக்கலைன்னு சொன்னீங்களே?"

"இது மருந்தே இல்லைங்க டாக்டர். சாப்பாடு மாதிரி."

"சாப்பாடுன்னா டப்பாவுல ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல சாப்பிடாதேன்னு எதுக்கு எழுதியிருக்கு?"

வாடிக்கையாளர் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதனால் இதற்கு அவர் பதில் மனப்பாடம் செய்திருக்கவும் இல்லை. அசடு வழிந்தது.

"வைட்டமின் சி அதிகமா எடுத்தா இந்த ஊசி சரியா பிடிக்காதுன்னு சில பேர் சொல்றாங்க" என்றார் டாக்டர். "உறுதியான விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். உங்க ஈறு வீங்கியிருக்கு, அதுனாலயும் இருக்கலாம். ஆனா மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு எல்லாத்தையும் இப்படிச் சேர்த்து அள்ளிப் போட்டா, பல்லை எடுத்த இடத்துல ரத்தம் சீக்கிரம் நிக்காம போகலாம். கேட்டப்பவே சொல்லியிருந்தா அதுக்குத் தகுந்த மாதிரி நாள் குறிச்சிருப்பேன். இன்னைக்கு உங்க பல்லைத் தொட மாட்டேன். எழுந்திரிங்க."

"எழுந்திரிங்க" என்ற ஒரு சொல் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கும் என்பது, பல் டாக்டர் நாற்காலியில் இருந்தவருக்குத்தான் புரியும். துள்ளி எழுந்தார். எழுந்த பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். முதலில் உட்காருகிறேன் என்ற அப்பா, பல்லோடு இறங்கிவிட்டார். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு இவளை ஏறச் சொல்வது? இன்றைக்கு விட்டால் இவள் இந்தப் படியையே மிதிக்க மாட்டாள். வலியில் இவள் முனகுவதை இன்னும் எத்தனை நாள் படுத்துக்கொண்டு கேட்பது?

"அப்பா, நிஜமா சொல்லுங்க. வலிச்சுதா?"

வாயில் பதில் தயாராக இருந்தது. எறும்பு கடித்த மாதிரி, காற்று பட்ட மாதிரி, எத்தனை வேண்டுமானாலும். ஊரை நம்ப வைத்த வாய் அது. ஆனால் அவள் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு கேட்ட விதத்தில், அந்த வாய் முதல் தடவையாக அடைத்துக்கொண்டது.

"வலிச்சுது" என்றார். "உயிரே போச்சு. நான் பொய் சொன்னேன்மா."

மனைவி கதவோரத்தில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். எல்லாம் போச்சு என்று சத்துக்காரர் தரையில் கிடந்த செருப்பைக் காலால் துழாவினார்.

மகள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "அந்த மாத்திரையெல்லாம் சாப்பிட்டதாலதான் அப்பாவுக்கு வலிச்சுதா?"

"இருக்கலாம்மா. தெரியல."

"அப்ப எனக்கு வலிக்காது." அவள் முகம் தெளிந்துவிட்டது. "நான் ஒண்ணுகூடச் சாப்பிட்டதே இல்ல."

சத்துக்காரருக்குத் தலை சுற்றியது. தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணிக் கொடுக்கிறாரே. முழுங்கிட்டியா என்று கேட்டு, ஆமாம் என்று அவள் சொன்ன பிறகுதானே பையைத் தூக்குகிறார்.

"முழுங்கினேன்னு சொன்னியே!"

"நாக்குக்கு அடியில வச்சுப்பேன். நீங்க போனதும் வாஷ்பேசின்ல துப்பிடுவேன். அம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. அம்மாவும் அப்படித்தான் பண்ணுவாங்க."

மனைவிக்குச் சுவரில் மாட்டியிருந்த பல்லின் படத்தில் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. வேர் எது, நரம்பு எது என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஏதோ திருத்திச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிறுமி முக்காலியிலிருந்து குதித்து, சாய்வு நாற்காலியில் ஏறி, வாயை ஆவென்று திறந்துவிட்டாள். இவ்வளவு நாள் ஒருவருக்கும் திறக்காத வாய். டாக்டர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் புதிய கையுறையை எடுத்தார்.

"ஊசி போடும்போது சுருக்குன்னு இருக்கும். அதை மட்டும் பொறுத்துக்கணும். பொய் சொல்ல மாட்டேன்."

சத்துக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி ஏறியபோது அந்தச் சின்ன விரல்கள் அவர் கையை நெரித்தன, பிறகு தளர்ந்தன. வாயின் ஓரம் கோணிக்கொண்டது. கம்பி பட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண் காணாத இடத்துக்கெல்லாம் பையைத் தூக்கிப் போய் எத்தனையோ பேரை நம்ப வைத்திருக்கிறார். சொந்த வீட்டில் ஒருவரும் தன்னை நம்பவில்லை என்பதைக் கேட்டு, மானம் கப்பலேறிய அந்த நேரத்தில், அவர் மனதார நன்றி சொன்னார். யாருக்குச் சொல்வது என்று தெரியாததால் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

கடுக்கென்று ஒரு சத்தம். டாக்டர் பல்லைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். மகள் அதை ஆராய்ந்துவிட்டு, மரத்துப்போன வாயைக் கோணலாக அசைத்து, அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"வலிக்கவே இல்லப்பா. நீங்க பொய்யா சொன்ன மாதிரி இல்ல. நிஜமாவே."