டிராகன் வாயில் மாமனார் பல்

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு எந்த ரிப்பேரும் கைவரும். மாமனார் வாய் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் ஒரு தடவைகூட அவனை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. "தறுதலை, ஃபேனைப் போடு." "தறுதலை சாப்பிட்டாச்சா?" கேட்டுக் கேட்டு அதுவே அவன் பெயர் மாதிரி ஆகிவிட்டது. வலி மட்டும் பழகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டு மேசையில் கதை விளையாட்டு நடக்கும். கதை சொல்பவன் அவன். மனைவி படைத்தலைவி, பக்கத்துக் கடை டெய்லர் மந்திரவாதி. என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடை விட்ட வழி. வாயால் சொன்னால் போதாதென்று சாமான் சேர்க்கும் பைத்தியம் வேறு அவனுக்கு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி குகையாயிற்று. அதற்குள் இருந்த தெர்மோகோலைச் செதுக்கி ஒரு டிராகன் செய்து, பல்லுக்குத் தீக்குச்சி குத்தியிருந்தான்.

"இதுவா டிராகன்? தீப்பெட்டிய முழுங்கின கோழி," என்றார் டெய்லர்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாமனார் உள்ளே நல்ல தூக்கத்தில். அவருடைய பல் செட் சமையலறை அலமாரியில், தண்ணீர் டம்ளரில். எழுந்திருப்பதற்குள் வைத்துவிடலாம் என்று எடுத்துவந்து டிராகன் வாயில் பொருத்தினான். அம்மாடி! டெய்லரே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும்? மாமனார் எழுந்து வந்து நின்றார். டிராகன் அவர் பல்லாலேயே அவரைப் பார்த்து இளித்தது.

"ஹறுஹலை!"

"என்ன மாமா?"

"ஹறுஹலை! என் பல்!" கையை நீட்டினார்.

மகள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அப்பா, மேசைக்கு வந்த சாமான் கதைக்குச் சொந்தம். டிராகன ஜெயிச்சாத்தான் எடுக்கலாம். ரூல்னா ரூல்."

வேறு யாராக இருந்தாலும் மேசையைக் கவிழ்த்திருப்பார்கள். இவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர்; டிக்கெட் எடுக்காத சொந்த மச்சினனுக்கே அபராதம் போட்ட மகராசன். ரூல் என்று காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு என்று சொல்லலாம், கடிக்கப் பல் எங்கே?

"கதை சொல்றவரக் கூப்பிட்டு, என்ன செய்யறீங்கன்னு சொல்லணும் சார்," என்று விளக்கினார் டெய்லர். "தெளிவாச் சொல்லலைன்னா உங்க முறை போச்சு."

"ஹறுஹலை, நான்..."

"புரியலை மாமா," என்றான் மெக்கானிக். முறை போயிற்று. டிராகன் நெருப்பைக் கக்கியது. அதாவது, அதன் வாயிலிருந்து அவன் ஒரு சிவப்பு ரிப்பனை உருவினான்.

மறுபடியும் "ஹ". மறுபடியும் ரிப்பன். 'த' பல்லில் பிறக்கிற எழுத்து. பல்லோ எதிரி வாயில். இன்னொரு முறை போனால் மனுஷர் கதையில் சாம்பல், பல் டிராகனுக்கே சொந்தம். மாமனார் உதட்டைக் கூட்டிப் பிரித்துப் பார்த்தார். உதட்டாலேயே சொல்லக்கூடிய பெயர் ஏதாவது உண்டா என்று தேடினார்.

"மா..." என்றார். "மாப்... மாப்பிள்ளை!"

அட்சரசுத்தமாக வந்தது. மெக்கானிக் கையிலிருந்து ரிப்பன் நழுவியது.

"மாப்பிள்ளை, நான் வாலைப் பிடிச்சு இழுக்கறேன்."

பகடை உருண்டது. ஆறு! டிராகன் செத்தது. மெக்கானிக் பல்லைக் கழற்றி, கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். மாமனார் மாட்டிக்கொண்டு தாடையை ஆட்டிப் பார்த்தார்.

"தறுதலை!" கணீரென்று வந்தது.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இவனுக்குப் பல் வந்ததும் சொல் போச்சு. குனிந்த தலை நிமிராமல் அட்டைப்பெட்டியை மடிக்க ஆரம்பித்தான்.

ஒரு கை பெட்டியைப் பிடித்து நிறுத்தியது. மாமனார் இன்னொரு கையால் பல்லைக் கழற்றி, செத்துக் கிடந்த டிராகன் வாயில் தாமே பொருத்தினார்.

"இன்னொரு ஆட்டம் போடுங்க, மாப்பிள்ளை."