பல் டாக்டரின் ரம்பம்

பல் டாக்டருக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே பாட்டு: "ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி பல்லு தேய்ச்சீங்களா?" வாயை ஆவென்று திறந்து வைத்திருக்கிற ஆள் எப்படிப் பதில் சொல்வார்? சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்பார்.

உபதேசம் ஊருக்குத்தான். வீட்டுக் கார் ஷெட்டில் அவர் வைத்திருந்த, மேசை நடுவில் வட்டப் பிளேடு சுழலும் மின்சார ரம்பத்துக்கு அது பொருந்தாது. வாங்கிய நாளிலிருந்து ஓட்டினாரே தவிர, ஒருநாளும் துடைத்ததில்லை. பல்லிடுக்கெல்லாம் மரப்பிசின் ஏறிக் கறுத்திருந்தது. மோட்டாருக்கு மரத்தூள் மெத்தை விரித்திருந்தது. கொஞ்ச நாளாக அந்த ரம்பம் மரத்தை அறுப்பதை விட்டுத் தீய்க்க ஆரம்பித்திருந்தது. வீட்டம்மாவுக்காகச் செய்துகொண்டிருந்த அலமாரிக் கதவின் ஓரங்கள் அடிப்பிடித்த பால் மாதிரி ஆகிவிட்டன.

"கதவு கேட்டா கரி தர்றீங்க," என்றார் வீட்டம்மா. "கார் வெயில்ல காயுது, இது நிழல்ல சொகுசா உட்கார்ந்திருக்கு. சாயங்காலம் தம்பி வண்டியோட வரான். அவன் முன்னாடி ஒரு பலகையைக் கருகாம அறுத்துக் காட்டுங்க. இல்லேன்னா அவன் தூக்கிட்டுப் போகட்டும்."

"அவனுக்கு ரம்பம் எதுக்கு?"

"துணி தேய்க்க மேசை இல்லையாம்."

டாக்டருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நாள் முழுக்க அடுத்தவர் வலியோடு மல்லுக்கட்டுகிற மனுஷன் அவர். அவர் கைபட்டு "ஐயோ" என்று அலறாத ஒரே சாமான் மரம்தான். அந்தச் சுகத்தின் மேல் மச்சினன் சட்டை தேய்ப்பதா?

பிளக்கைப் பிடுங்கினார். பழக்கதோஷத்தில் கையுறை மாட்டினார். "பயப்படாதீங்க, வலிக்காது," என்று ரம்பத்திடம் சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிளேடைக் கழற்றிச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டார். அது ஊறுவதற்குள் மோட்டாரின் காற்றுத் துளைகளிலிருந்து தூளைத் தோண்டி எடுத்தார். ஷெட்டில் மலையாய்க் குவிந்து கிடந்த தூளையும் சேர்த்து வாரினார்; சாக்குச் சாக்காக வந்தது. மேசைத் துருவைத் தேய்த்துப் போக்கி, மெழுகு தடவி வழவழவென்று ஆக்கினார். பிறகு ஊறிய பிளேடை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் துலக்கினார். கிளினிக்கில்கூட அவர் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை என்பதற்கு ஊரே சாட்சி.

திரும்ப மாட்டுகிற இடம் மேசைக்கு அடியில், இருட்டுச் சந்து. அதனால் என்ன, வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடி இருக்கிறதே! அதை உள்ளே நீட்டி, பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்து, நட்டை முறுக்கினார். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்குள் மட்டும்.

மச்சினன் கயிற்றுச் சுருளோடு வந்து நின்றான். "என்ன மச்சான், நோயாளி எப்படி இருக்கார்?"

"பார்த்துட்டு வாயைத் திற மாப்ள," என்று டாக்டர் பலகையை உள்ளே தள்ளினார்.

கீச்சென்று ஒரு ஓலம். பலகை நகரமாட்டேன் என்றது. முன்னைவிட மோசமாகப் புகை கிளம்பியது. டாக்டர் அவசரமாக அணைத்தார்.

"அறுக்கலேன்னாலும் கொசு ஓடிடுச்சு மச்சான்," என்று மச்சினன் கயிற்றைப் பிரித்தான்.

டாக்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெழுகு போட்ட மேசையைக் கையால் ஒருதரம் தடவிக் கொடுத்தார். அதைப் பார்த்த வீட்டம்மாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "இருடா, கட்டாதே," என்று கிட்ட வந்து குனிந்தார்.

"ஏங்க, பல்லெல்லாம் நம்மளப் பார்த்துத்தானே இறங்கணும்? இது கோவிச்சுக்கிட்ட மாதிரி முதுகைக் காட்டிட்டு நிக்குது!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். காது வரை சிவந்தது. "கண்ணாடில... கண்ணாடில பார்த்து மாட்டினேன்."

"நல்லவேளை, இத்தனை வருஷமா யாருக்கும் கடைவாய்ப் பல்லை முன்னாடி கட்டி அனுப்பாம இருந்தீங்களே!"

இந்த முறை கண்ணாடி வேண்டாம். வீட்டம்மா டார்ச் அடிக்க, டாக்டர் தரையில் மல்லாந்து படுத்து, சொந்தக் கண்ணால் பார்த்துப் பிளேடைத் திருப்பி மாட்டினார். பிளக்கைச் சொருகிப் பலகையைத் தள்ளினார். உஸ்ஸென்று மட்டும்தான் சத்தம். பலகை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. புகை இல்லை, கருகல் இல்லை. வெட்டின ஓரம் வெண்ணெய் மாதிரி இருந்தது.

வீட்டம்மா அந்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஒருதரம் ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் எதுக்குக்கா வண்டி எடுத்துட்டு வந்தேன்?" என்று மச்சினன் பரிதாபமாகக் கேட்டான்.

"வந்தது வந்துட்ட. அந்தத் தூள் மூட்டையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போ. ஷெட்டுல பாதி இடம் அதுதான்டா பிடிச்சிருந்தது. இனிமே காரும் உள்ள நிக்கும்."

பிறகு கணவரிடம் திரும்பினார். "கதவு எப்ப வரும்?"

"நாளைக்கே," என்றார் டாக்டர், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.