மூச்சு எடுக்கும் இடம்

...இரு, இப்போது எடுக்காதே, இது அக்காவின் முறை, அவள் மூச்சை எடுத்துக்கொள்ளட்டும், அதுவரை நீ தாங்கு, என்று தங்கையின் தொண்டை தானாகவே சுரத்தைப் பிடித்துக்கொண்டது, பிடித்த பிறகுதான் நினைவு வந்தது, அக்கா போய் மூன்று மாதமாகிறது, இடப்பக்க நாற்காலி காலி. இந்தப் பாட்டில் மூச்சுக்கு இடமே கிடையாது. என்றோ மடத்துத் துறவிகள் வாத்தியம் இல்லாமல் ஒரே குரலாகப் பாடியது, போய்க்கொண்டே இருக்கும், நடுவில் அறக்கூடாது, அதனால்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள், வரியின் நடுவில் தங்கை, முடிவில் அக்கா, ஒருத்தி எடுக்கும்போது மற்றவள் தாங்க வேண்டும்... அக்கா எடுப்பது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. "நீ மூச்சு எடுக்கிறது அடுத்த தெரு வரைக்கும் கேக்குதுடி" என்று பாட்டு முடிந்ததும் இடிப்பாள், பொல்லாதவள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே ஆயிற்று, அக்காவின் ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எவ்வளவு நேரம்தான் தாங்குவது, இவள் விட்டுவிட்டாள், அக்கா எடுக்கவே இல்லை.

"ரெண்டாவது வரிசையில ஓட்டை விழுதும்மா" என்றார் பாட்டுக்குழுவை நடத்தும் மாஸ்டர். அவருக்கென்ன, ஆயிரம் வருஷத்துப் பாட்டையும் ஒரே கச்சேரியில் அடைத்துவிட வேண்டும், துறவிகள் முடிந்ததும் நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் அரண்மனைப் பாட்டு, பிறகு படகுக்காரர்கள், பிறகு தாலாட்டு, கடைசியில் போன வருஷம் யாரோ எழுதிய, சொல்லே இல்லாத வெறும் முனகல்... படகுப் பாட்டில் கவலையில்லை, துடுப்பை இழுக்கும் இடத்தில் எல்லோரும் சேர்ந்தே மூச்சு எடுக்கலாம். தாலாட்டை, பிள்ளை தூங்கிவிட்டால் நிறுத்திவிடலாம். இந்தத் துறவிகள்தான் உயிரை வாங்குகிறார்கள். ஓட்டை எங்கே விழுகிறது என்று இவளுக்குத் தெரியும், அக்காவின் இடத்தில் இல்லை, அதை இவள் தாங்கிவிடுகிறாள், இவள் மூச்சு எடுக்கும்போது தாங்கத்தான் ஆளில்லை.

மாஸ்டர் புதிதாகச் சேர்ந்த பல் டாக்டரை அழைத்துவந்து அக்காவின் நாற்காலியில் உட்கார வைத்தார். வேண்டாம் என்று சொல்ல இவள் யார்? "நான் எங்க மூச்சு எடுக்கணும்க்கா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "வரிக்கு நடுவுல எடுத்துக்கோ. முடிவுல நான் எடுத்துக்கிறேன்..." வாய் முந்திக்கொண்டது. அக்காவின் இடத்தை எப்படித் தூக்கிக் கொடுப்பது, அதற்குத் தன் இடத்தையே கொடுத்துவிடலாம். பாடினார்கள். எங்கும் அறவில்லை. "அப்பாடா, பழையபடி அக்காவும் தங்கச்சியும் பாடுற மாதிரியே இருக்கு" என்றார் மாஸ்டர். இவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, நடுவில் எடுப்பவள் தங்கை, இதோ பக்கத்தில் இருக்கிறாள், முடிவில் எடுப்பவள் அக்கா, அவளும் இருக்கிறாள்... அப்படியானால் இங்கே இல்லாதவள் யார்? இன்னொரு தடவை என்று மாஸ்டர் கையைத் தூக்கினார். வரியின் முடிவு வந்தது, அவள் மூச்சை எடுத்தாள், எடுத்த சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.