காவல்காரன் கொண்டுவந்த கம்பி

என் மச்சான் மொக்கையனை அரசாங்கம் நம்பவில்லை. கைரேகைச் சட்டத்தில் அவர் பேர் பதிவாகியிருந்தது. குற்றம் ஒன்றும் செய்தவரில்லை. பிறந்த சாதியே போதும் என்பது அந்தச் சட்டத்தின் நியாயம். அதன்படி, பொழுது சாய்ந்ததும் கம்பளியை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். ஊர் ஆண்களோடு அங்கேயே படுத்தெழுந்து, விடிந்த பிறகு வீடு திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவர் தன் வீட்டில் தூங்கியதில்லை. அவர் தங்கச்சியைக் கட்டிய எனக்கு மட்டும், மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் விலக்கு. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

நாற்பத்திரண்டாம் வருஷம் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிப் போராட்டம் கிளம்பியது. ஊருக்கு ஊர் தந்திக் கம்பியை அறுத்தார்கள். பர்மாவரை ஜப்பான்காரன் வந்துவிட்ட நேரம். கம்பி அறுந்தால் பட்டாளத்துக்குச் சேதி போகாது. அரசாங்கம் ஆடிப்போனது. ராத்திரி வெளியே விட்டால் திருடுவான் என்று யாரைப் பிடித்துப் படுக்க வைத்ததோ, அவனையே ராத்திரியில் தந்தி மரத்துக்குக் காவல் போட்டது. இந்தப் புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்ல.

இன்ஸ்பெக்டர் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார். "பேரையூர் ரோட்டுல உன் எல்லைக்குள்ள தை பிறக்கிற வரைக்கும் கம்பி போகாமப் பாத்துக்க. உன் பேரைப் பதிவுலருந்து எடுக்கச் சொல்லி நானே மேல எழுதுறேன். அப்புறம் நீ வீட்டுலயே படுத்துக்கலாம்."

மச்சான் பெண்டாட்டி சீனியம்மாள் அக்கா மறுநாளே கூரையில் ஒழுகும் இடத்துக்குப் புது ஓலை போட்டாள். "இம்புட்டு நாளும் நான் நகந்து படுத்துக்குவேன். இனிமே அவரு மேலயில்ல சொட்டும்" என்று சிரித்தாள்.

மார்கழியில் அவர் எல்லையில் கம்பி போய்விட்டது. அவர் ஒரு கோடியில் நின்றபோது இன்னொரு கோடியில் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

காவல் என்றால் மச்சானுக்குத் தெரிந்தது அவர் அப்பன் பாட்டன் பார்த்த ஊர்க்காவல்தான். களவு போனால் காவல்காரன் பொறுப்பு. பொருளைத் தேடிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். எடுத்தவன் பேரை மட்டும் வெளியே விடக்கூடாது. விட்டால் அடுத்த தடவை எவனும் பொருளைத் திருப்பித் தரமாட்டான். எங்கள் பக்கம் காணாமல் போன மாடெல்லாம் இப்படித்தான் தொழுவத்துக்குத் திரும்பின. மச்சான் ஊர் ஊராக அலைந்தார். துப்புச் சொன்னவனுக்குக் கூலியாக, வளர்த்த கிடாயைக் கொடுத்தார். ஒருநாள் காலையில் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாப்ள, கிடைச்சிருச்சு. ஸ்டேஷனுக்குப் போறேன்."

நான் அவரை வாசலிலேயே மறித்தேன். "மச்சான், நீங்க கொண்டுபோகாதீங்க. தந்தி மரத்தடியில போட்டுட்டு, கெடந்துச்சுன்னு போய்ச் சொல்லுங்க."

"களவாண்டவன்தான் போட்டுட்டு ஓடுவான். காவக்காரன் கையில குடுக்கணும்."

எவ்வளவோ மல்லுக்கு நின்றேன். அவர் காதில் ஏறவில்லை. நானும் கூடவே போனேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: எவன் கொடுத்தான்? மச்சான் கம்பிச் சுருளை அவர் முன்னால் தள்ளி வைத்தார். அந்த இன்ஸ்பெக்டர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "பேரைச் சொல்லிரு, உன்னைச் சாட்சியாப் போட்டுடுறேன்" என்று என் முன்னாலேயே கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"பொருள் வந்திருச்சுல்ல எசமான். காவக்காரன்ட்ட பேரு கேக்கக் கூடாது" என்றார் மச்சான்.

பட்டாளத்துத் தந்தியை அறுத்தவன் வெளியே திரிந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் தூக்கம் வரும்? இன்ஸ்பெக்டர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு அயோக்கியனைக் கைகாட்ட முடிந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ரெண்டு பேரும் காவலைப் பற்றித்தான் பேசினார்கள், ஒருவர் காவல் மற்றவருக்கு விளங்கவில்லை.

கையும் கம்பியுமாகப் பிடிபட்டவன் என்று மதுரைக் கோர்ட்டில் மச்சானுக்கு ரெண்டு வருஷம் போட்டார்கள்.

வெளியே வந்த இன்ஸ்பெக்டரை அக்கா மறித்து நின்றாள். அழவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்தாவது வீட்டுல படுத்துக்கலாமா சாமி?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இனிமே எழுத முடியாதும்மா. முந்தியாவது அவன்மேல ஒரு கேசும் இல்ல. இப்ப இருக்கே."