கறுப்பன் நனைத்த சாரம்

மஹ்ரூப் இடுப்பிலிருந்து கழற்றிக் கதிரையில் போட்ட சாரத்துக்குப் பின்புறம் காட்டி நின்று, வாலை நட்டுக்குத்தாக நிமிர்த்திச் சர்ரென்று பீய்ச்சிவிட்டுத்தான் கறுப்பன் நகர்ந்தது. சுபைதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. முதலில் செருப்பு, பிறகு உளிப் பை, பிறகு தோள் துண்டு. எல்லாம் அவள் புருஷன் மஹ்ரூபுடையவை.

பதின்மூன்று வருஷத்தில் கறுப்பன் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் காலடியில் படுத்து வளர்ந்த கடுவன் பூனை. தொழுகைக்கு ஒளுச் செய்ய வைத்த தண்ணீரில் அது வாய் வைத்தாலும் அவள் கீழே ஊற்ற மாட்டாள். பூனை வாய் அசுத்தமில்லை. மூத்திரம் அப்படியா? தொழுகிற வீட்டை நஜீஸாக்குகிறதே, உண்ட வீட்டுக்கே துரோகம் செய்கிறதே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

மஹ்ரூப் ஓடாவி. வாரத்தில் மூன்று நாள் கிண்ணியாவில் தங்கி வள்ளம் திருத்துகிறவன். வெள்ளிதோறும் சோனகவாடி வீட்டுக்கு வந்துவிடுவான்.

"கிழடு தட்டினா இப்பிடித்தான் புள்ள. பின்னேரம் கொண்டுபோய்க் கிண்ணியா மீன் வாடியில விட்டுடுறன்" என்றான்.

அவள் சரி என்றாள். சொன்னதோடு நிற்கவுமில்லை. கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கூப்பிட்டு, நம்பி வந்ததைச் சாக்குக்குள் விட்டுத் தன் கையாலேயே சாக்கின் வாயைக் கட்டினாள்.

அவன் ஜும்ஆவுக்குப் போனதும் கிணற்றடியில் உட்கார்ந்து சாரத்தைத் தோய்த்தாள். நிறமும் மணமும் போகும்வரை கழுவினால்தான் சுத்தம். மூன்றாம் தரம் அலசி, முகர்ந்து, கறை தெரிகிறதா என்று வெயிலில் விரித்துப் பிடித்தபோதுதான் கீழ் விளிம்புத் தையலில் சிக்கியிருந்த மயிர்களைக் கண்டாள். மஞ்சள் மயிர். கறுப்பனின் உடம்பில் மை தவிர வேறு நிறமில்லை.

சாரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தாள். எல்லாம் கணைக்கால் உயரத்தில், சுற்றிவர. சந்தைக்குப் போய் வரும்போது கறுப்பன் அவளை உரசுகிற இடம். எந்தப் பூனையும் வழிப்போக்கனை இப்படிச் சுற்றிச் சுற்றி உரசாது. வீட்டுக்காரனைத்தான் உரசும். செருப்பு, பை, துண்டு, எல்லாம் அவன் கிண்ணியாவிலிருந்து வந்த நாட்களில்தானே நனைந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. வாயில்லாத சீவனுக்கு வேற்றுப் பூனையின் மணத்தால் ஒரு மாதமாகத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளியால் வந்தவனுக்குச் சோறு போட்டாள். ஆணம் ஊற்றினாள். தண்ணீரைப் பக்கத்தில் வைத்தபடியே கேட்டாள்.

"கிண்ணியாவில உள்ள பூனைக்கு என்ன பேர்?"

"மஞ்சி" என்றான், பிசைந்தபடியே. பிறகு கை நின்றது. பட்டறையில் திரிகிற பூனை என்று ஏதோ சொல்லத் தொடங்கினான்.

"ஆர் வச்ச பேர்?"

அவன் நிமிரவில்லை.

"மகள்" என்றான். "நாலு வயசு. பூனை வேணுமெண்டு அழுதவள். போன மாசந்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

சுபைதா எழுந்தாள். இன்னொருத்தியைக் கட்டுமுன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற எண்ணம் வந்தது. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாளா என்பது தெரியவில்லை. கேட்காததுதான் நெஞ்சைப் பிளந்தது.

குசினி வாசலில் கிடந்த சாக்கின் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். சாக்கின் வாயை அகல விரித்து, "வா வாப்பா" என்று கையை நீட்டினாள்.

கறுப்பன் வரவில்லை. அவளைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து, சாக்கின் அடி மூலைக்குள் ஒடுங்கியது.